இருபதாண்டு இடைவெளிக்குப் பின் ஒரு பயண ஸ்கூட்டர்: உறையூர்த் தம்பதியின் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற 61 வயதுக்காரர் ஒருவரும் அவருடைய மனைவியும் திருச்சி உறையூரில் வசிக்கின்றனர். அவர் 2003-இல் தம்முடைய பஜாஜ் சேத்தக்கை விற்றுவிட்டுக் கார் வாங்கியவர். அதன்பின் இருசக்கர வண்டியின் ஹேண்டில்பாரைத் தொட்டதே இல்லை. ஓய்வுக்குப் பிறகு கும்பகோணத்துச் சுற்றுவட்டக் கோயில்கள், செட்டிநாட்டு ஊர்கள், இராமேசுவரம், கொல்லிமலை ஆகியவற்றுக்கு இருவருமாக ஸ்கூட்டரிலேயே போய்வர வேண்டும் என்ற விருப்பம் எழுந்தது. காரை எடுத்துச் சென்றால் கோயில் வீதிகளில் நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்பது சொல்லிக்கொள்ளும் காரணம். மீண்டும் ஒருமுறை காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சொல்லாத காரணம். வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நண்பர் என்ற முறையில் நானும் உடனிருந்தேன். நெடுநாள் கழித்து ஓட்ட வருபவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள், எதை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் உள்ள தூரத்தை இந்தத் தேர்வு நன்றாகக் காட்டுவதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

இருவரின் உடல்நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கீழ்முதுகில் பழைய தேய்மானம் உண்டு. இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் வலி தொடங்கிவிடும். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். அம்மையாருக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. இதுவரை பின்னிருக்கையில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்து பழக்கம். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. காருக்காக அதை அவ்வப்போது புதுப்பித்து வந்ததால் அதே அட்டையில் இருந்த இருசக்கர வாகனப் பிரிவும் உயிரோடு இருந்தது. உரிமம் காலாவதியாகி ஓராண்டைத் தாண்டிவிட்டவர்கள் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும் என்பதையும், 40 வயதைக் கடந்தவர்கள் புதுப்பிக்கும்போது மருத்துவரின் சான்றிதழ் தர வேண்டும் என்பதையும், 55 வயதுக்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே உரிமம் கிடைக்கும் என்பதையும் இந்த வயதில் வண்டி வாங்க நினைப்பவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் நினைவில் கொள்வது நல்லது.

களத்தில் இருந்த வண்டிகள்

அகன்ற இருக்கை, உயர்ந்த கண்ணாடித் தடுப்பு, கால்களை முன்னே நீட்டி வைக்க இடம் ஆகியவற்றைக் கொண்ட பெரிய ஸ்கூட்டர்களை மேக்சி ஸ்கூட்டர் என்கிறார்கள். ஜப்பானில் 1980-களில் ஹோண்டா தொடங்கி வைத்த இந்த வடிவம் ஐரோப்பாவில் நெடும்பயண வண்டியாகவே வளர்ந்துவிட்டது. இந்தியாவில் 2006-இல் கைனெட்டிக் நிறுவனம் 165 சி.சி. ‘பிளேஸ்’ மூலம் இதை முயன்று பார்த்தது. அன்றைய சந்தை அதற்கு ஆயத்தமாக இல்லை. 2018-இல் சுசுகி பர்க்மேன் ஸ்ட்ரீட் 125 வந்த பிறகே இந்த உருவம் நம் தெருக்களில் பழகியது. அதன்பின் ஏப்ரிலியா எஸ்.எக்ஸ்.ஆர். 160, யமஹா ஏராக்ஸ் 155, கீவே வியெஸ்தே 300, ஹீரோ ஜூம் 160 என்று வரிசை நீண்டது. உச்சியில், 2021-இல் 9.95 இலட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. சி 400 ஜி.டி. நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் மகன் பரிந்துரைத்தது அந்தக் கடைசி வண்டியை. 350 சி.சி., 34 குதிரைத்திறன், 12.8 லிட்டர் டேங்க் என்று காகிதத்தில் அதற்கு இணையில்லை. ஆனால் எடை 214 கிலோ. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 1,565 மில்லிமீட்டர். மண்ணும் ஜல்லியும் கலந்த ஒரு கோயில் வாசலில், சற்றே சரிந்த தரையில், பின்னால் ஆள் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் 61 வயது முதுகு அதைத் தாங்குமா என்ற ஒரே கேள்வியில் அந்தப் பரிந்துரை முடிந்துபோனது. விலையைப் பேச வேண்டிய தேவையே எழவில்லை. கீவேயையும் ஏப்ரிலியாவையும் சிறு நகரங்களில் பழுதுபார்க்கும் வசதியைக் கருதி ஒதுக்கினோம். பரமக்குடியிலோ துறையூரிலோ வண்டி நின்றுவிட்டால் உள்ளூர் மெக்கானிக் கைவைக்கத் தயங்காத வண்டி வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மிஞ்சியவை மூன்று: பர்க்மேன், ஏராக்ஸ், ஜூம்.

இஞ்சின் திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த மூன்றில் பர்க்மேன் போட்டியிலேயே இல்லை. ஏராக்ஸ் 155 சி.சி.யில் 15 குதிரைத்திறனும், ஜூம் 156 சி.சி.யில் 14.8 குதிரைத்திறனும் தருகின்றன. இரண்டும் நீரால் குளிர்விக்கப்படும் இஞ்சின்கள், இரண்டுக்கும் 14 அங்குலச் சக்கரங்கள். பர்க்மேன் 125-இன் திறன் எட்டரையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இருவர் ஏறி மலைக்குப் போக வேண்டும் என்றால் யாரும் முதலில் ஜூமைத்தான் கைகாட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஷோரூம் சொகுசும் சாலைச் சொகுசும்

ஷோரூமில் நிறுத்தி வைத்திருக்கும் மேக்சி ஸ்கூட்டரில் உட்கார்ந்து காலை முன்னே நீட்டினால் சாய்வு நாற்காலியில் இருப்பது போல இருக்கும். விற்பனையாளர்களும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். அந்த இருப்பில் உடலின் எடை முழுவதும் வால் எலும்பின் மீதும் கீழ்முதுகின் மீதும் இறங்குகிறது என்பது நிற்கும் வண்டியில் தெரியாது. ஓடும்போது, வேகத்தடையைக் கண்டவுடன் பழைய ஓட்டுநர் என்ன செய்வார்? பாதத்தை அழுத்தி, தொடையால் உடலை இருக்கையிலிருந்து ஒரு அங்குலம் தூக்குவார். அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். கால்கள் உடலுக்கு முன்னால் நீண்டிருந்தால் இது முடியாது. பள்ளத்தின் அடி நேராக முதுகெலும்பில் ஏறும்.

ஸ்கூட்டரின் அமைப்பும் இதை மோசமாக்குகிறது. மோட்டார் சைக்கிளில் இஞ்சின் சட்டத்தோடு பிணைந்திருக்கும். பின்சக்கரம் தனியே மேலும் கீழும் ஆடும். ஸ்கூட்டரிலோ இஞ்சின், பெல்ட் அறை, பின்சக்கரம் மூன்றும் ஒரே தொகுதியாகச் சேர்ந்து ஆடுகின்றன. அந்தக் கனத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால் பின்புற சாக் அப்சார்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூர்மையான பள்ளங்களில் ஓரளவு குத்தத்தான் செய்யும். பெரிய சக்கரம் இதைக் குறைக்கும்; ஒழிக்காது.

ஆகவே தெரிந்தவர்களிடமிருந்து மூன்று வண்டிகளையும் வெவ்வேறு நாள்களில் இரவல் வாங்கி, திருச்சியிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை இருவரையும் போய்வரச் சொன்னோம். ஆற்றங்கரையை ஒட்டிய அந்தப் பாதையில் ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு, நெல் வண்டிகள் உண்டு, திடீரென்று குறுக்கே வரும் ஆடுகள் உண்டு. போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முதுகின் உண்மையான கருத்து வெளிப்பட்டுவிடும். ஷோரூமில் கொடுக்கும் பத்து நிமிட ஓட்டத்தில் இது எதுவும் தெரியாது.

முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. ஏராக்ஸில் போகும்போதே அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதன் பின்புற சாக் அப்சார்பர் இளைஞர்களுக்கென்று இறுக்கமாக அமைக்கப்பட்டது. ஜூம் பள்ளங்களை அதைவிட நன்றாகக் கடந்தது, நான்கு வழிச்சாலையில் எழுபதில் போகும்போது அசைவே இல்லை என்றார். ஆனால் திரும்பி வரும்போது அம்மையார் இறங்கி நடந்துகொள்கிறேன் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். பர்க்மேனில் மட்டும் இருவரும் திருவையாற்றில் காபி குடித்துவிட்டுப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். அந்த வண்டியின் தளம் தட்டையானது. முன்புறம் சரிவாக எழும் பகுதியும் உண்டு. நேர்ச்சாலையில் காலை நீட்டிக்கொள்ளலாம். வேகத்தடை வரும்போது பாதத்தைப் பின்னுக்கு இழுத்து முழங்காலுக்கு நேர் கீழே ஊன்றி எழலாம். கால் வைக்க இரண்டு இடங்கள் இருப்பதுதான் அவருடைய முதுகைக் காப்பாற்றியது. இந்த நிகழ்வில் நான் கண்ட மிக முக்கியமான செய்தி இது.

பின்னிருக்கையின் வாக்கு

பயண வண்டி பற்றிய பேச்சுகளில் பின்னால் உட்காருபவரைச் சுமையாகக் கணக்கிடுவதுதான் வழக்கம். இத்தனை கிலோ கூடுதல், இவ்வளவு மைலேஜ் குறைவு என்று. இங்கே தீர்ப்பின் பாதி அவருடையது. “வண்டி பெரிசா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஏறி இறங்கும்போது முட்டி வலிக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

ஏராக்ஸிலும் ஜூமிலும் பின்னிருக்கை முன்னிருக்கையைவிட ஒரு படி உயர்ந்திருக்கிறது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பிடிமானம் குறைவு. கொண்டை ஊசி வளைவில் அந்த ஒருபக்கக் கனம் வண்டியைத் தன் போக்கில் இழுக்கும். எனவே நெடும்பயணங்களுக்குச் சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு உட்காருவது என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அகன்ற இருக்கை இடுப்பையும் தொடையையும் விரிக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த முழங்கால் அந்தக் கோணத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. விளம்பரங்களில் அகலம் என்றாலே சொகுசு என்றாகிவிட்டது. முட்டி வலிக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பர்க்மேனின் பின்னிருக்கை நீளமானது, உயரம் குறைந்தது. காலை ஓரளவு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள இடமிருந்தது.

இதே அகலம் முன்னால் இருப்பவரின் கால் எட்டும் தூரத்தையும் பாதிக்கிறது. பர்க்மேனின் இருக்கை உயரம் 780 மில்லிமீட்டர், ஜூமினுடையது 787, ஏராக்ஸினுடையது 790. காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடுதான். ஆனால் இருக்கையின் முன்முனை எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது, பாதம் இறங்கும் இடத்தில் தளம் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இரண்டு பாதமும் தரையில் படியுமா, விரல் மட்டும் படியுமா என்பது முடிவாகும். ஆள் ஏறும்போது விரல் நுனியில் வண்டியைத் தாங்கி நிற்பது இந்த வயதில் வேண்டாத வேலை.

ஏராக்ஸ், ஜூம் இரண்டின் நடுவிலும் மோட்டார் சைக்கிளின் டேங்க் போன்ற மேடு ஒன்று ஓடுகிறது. பின்னால் டாப் பாக்ஸ் பொருத்திவிட்டால் காலைப் பின்புறமாகச் சுற்றிப் போட்டு ஏற முடியாது. முழங்காலை உயர்த்தி அந்த மேட்டின் மேல் கடத்தித்தான் ஏற வேண்டும். டாப் பாக்ஸைத் தவிர்க்கவும் வழியில்லை. இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதால் கோயிலுக்குள் போகும்போது இரண்டு தலைக்கவசங்களை எங்காவது வைத்தாக வேண்டும். இருக்கைக்கு அடியில் ஒன்றுதான் கொள்ளும், மற்றது பாக்ஸுக்கு. யோசித்துப் பார்த்தால் இவர்களுடைய பயணத்தில் பெரிய சாமானே தலைக்கவசங்கள்தான்.

சேத்தக் கற்றுக்கொடுத்த கை

பழைய பழக்கம் உடம்பில் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை இந்தப் பகுதி காட்டும். சேத்தக்கில் இடது கை கிளட்சுக்கும் கியருக்கும் உரியது; பின்பிரேக் வலது காலடியில் இருக்கும். இன்றைய தானியங்கி ஸ்கூட்டரில் கையால் இழுக்கும் கிளட்சு இல்லை. கிளட்சு இருந்த அதே இடத்தில், இடது கைப்பிடியில், பின்பிரேக் இருக்கிறது. இருபதாண்டு ஓட்டாமல் இருந்தவரின் மூளை இதை மறந்திருக்கலாம், கை மறக்கவில்லை. இரவல் வண்டியில் முதல் அரை மணி நேரத்தில், வேகத்தைக் குறைத்து வளைவில் திரும்பும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாகவே லீவரை முழுவதும் இழுத்தது. கியரைக் குறைக்கும் பழைய பழக்கம். வண்டி வெடுக்கென்று நின்றது. வலது பாதமோ தளத்தை வீணாக மிதித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பழக்கத்தை வைத்துப் பார்க்கும்போது பிரேக் அமைப்பின் வேறுபாடு முக்கியமாகிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், ஆனால் ஏராக்ஸிலும் ஜூமிலும் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே. கிளட்சு என்று எண்ணி இடது லீவரைத் திடீரென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்க வாய்ப்புண்டு. 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் வரும் கூட்டு பிரேக்கில் இடது லீவரை இழுத்தாலே முன்சக்கரத்துக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏ.பி.எஸ். மேலான தொழில்நுட்பம் என்பதில் ஐயமில்லை. இந்தக் கைக்கு, இந்த முதல் சில மாதங்களுக்கு, கூட்டு பிரேக் பொருத்தமானது என்றே நான் கருதினேன். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். மழையில் முன்சக்கரம் பூட்டும் அபாயத்தை அவர்கள் சுட்டிக்காட்டுவது நியாயம்தான். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே விடை, மழை பிடித்தால் ஓரங்கட்டிவிடுவது.

மெதுவான வேகத்தில் வண்டி கைக்கு அடங்குகிறதா என்று பார்க்க ஆர்.டி.ஓ. மைதானத்துப் பழைய முறையையே கடைப்பிடித்தோம். விடுமுறை நாளில் ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து, காலை ஊன்றாமல் போடச் சொன்னோம். முதலில் தனியாக, பிறகு அம்மையாரை ஏற்றிக்கொண்டு. சக்கரங்களுக்கு இடையே 1,350 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏராக்ஸில் தனியாக எட்டு வந்தது, இருவராக வரவில்லை. 142 கிலோ எடையுள்ள ஜூமிலும் அதே கதை. 111 கிலோ எடையுள்ள பர்க்மேனில், சற்றே தள்ளாடினாலும், இருவராகவும் வந்தது. நெடுஞ்சாலையில் எந்த வண்டியும் நேராகத்தான் போகும். நீண்ட இடைவெளிக்குப் பின் ஓட்ட வருபவர் பெரும்பாலும் கீழே விழுவது நின்றுகொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கும்போதுதான்.

தேர்வும் அதற்குக் கொடுத்த விலையும்

பர்க்மேனின் சாதாரண வகையில் பின்சக்கரம் 10 அங்குலம்தான். சேத்தக்கின் சக்கர அளவும் அதுவே. 2022 இறுதியில் வந்த ஈ.எக்ஸ். வகையில் பின்சக்கரமும் 12 அங்குலம் ஆனதால் அதையே வாங்கினார்கள். இருக்கையின் மென்மையான பஞ்சு இரண்டாவது மணி நேரத்தில் அமுங்கிப்போவதைச் சோதனை ஓட்டத்திலேயே கவனித்திருந்ததால், சீட் வேலை செய்யும் கடையில் கொடுத்து அடியில் கெட்டியான ஃபோமும் மேலே மெல்லிய மென்ஃபோமுமாக மாற்றச் சொன்னோம். கையால் அமுக்கிப் பார்த்தால் முன்பைவிடக் கடினமாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறைகளை மறைப்பதற்கில்லை. இருவரோடு அறுபதுக்கு மேல் வண்டி திணறுகிறது. காரைக்குடி சாலையில் லாரியை முந்த நினைத்தால் முன்னால் நீண்ட வெற்றுச்சாலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதன் பின்னாலேயே போவது என்று பழகிக்கொண்டார். நான்கு வழிச்சாலையை இயன்றவரை தவிர்த்துப் பழைய மாநில நெடுஞ்சாலைகளில் ஐம்பது, ஐம்பத்தைந்தில் போகிறார்கள். டேங்க் 5.5 லிட்டர் என்பதால் 180 கிலோமீட்டருக்குள் பங்க்கைப் பார்த்தாக வேண்டும். இந்த வகையில் 7 லிட்டர் கொள்ளும் ஜூம் மேல். சேத்தக்கில் ஸ்டெப்னி இருந்தது, இதில் இல்லை; டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கருவியும் சிறு காற்றடிப்பானும் இருக்கைக்கு அடியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

உண்மையான தேர்வு கொல்லிமலையில் நடந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இத்தகைய வளைவுகளில் 125 சி.சி. ஸ்கூட்டரின் பலவீனம் இஞ்சினில் மட்டும் இல்லை. பின்புறக் கிளட்சிலும் இருக்கிறது. வேகம் மிகக் குறையும்போது, இஞ்சினின் சுழற்சிக்கேற்பத் தானாகவே பிடித்து விடும் இந்த மையவிலக்குக் கிளட்சு பாதி பிடித்தும் பாதி நழுவியும் சூடாகிறது. பிறகு கிளம்பும்போது வண்டி அதிர்கிறது. வளைவுக்குச் சற்று முன்பே ஆக்சிலேட்டரைக் கொடுத்து, நிற்காமல் சுற்றி வந்துவிட வேண்டும். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே காத்திருக்க வேண்டும். ஏறும்போது வழியில் சில இடங்களில் நிறுத்தி ஆற விட்டார்கள். ஏறியது.

இறக்கம் இன்னும் நுட்பமானது. ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு வேகம் குறைந்தால் கிளட்சு விட்டுவிடும். அதன்பின் இஞ்சினின் இழுவை இல்லாமல் வண்டி வெறும் பிரேக்கை நம்பி உருளும். பின்பக்க டிரம் பிரேக் சூடாகித் தளர்ந்துபோக இதுவே முதன்மைக் காரணம். வேகம் மிகவும் குறையும்போது ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு திறந்து கிளட்சைப் பிடிக்க வைத்துவிட்டு மூடினால் இஞ்சினின் தடை திரும்பக் கிடைக்கும். இதை மைதானத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தும், பாதி மலை இறங்கிய பிறகே அவருக்குக் கை வந்தது. அதற்குள் பிரேக் வாடை வரத் தொடங்கியிருந்ததால் ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

தனியாக, நான்கு வழிச்சாலையில், நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் போக நினைப்பவர் என்னிடம் கேட்டிருந்தால் ஜூமைத்தான் சொல்லியிருப்பேன். 2025-இல் 1.48 இலட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமான அந்த வண்டியின் சக்கரமும் இஞ்சினும் அத்தகைய ஓட்டத்துக்கு ஏற்றவை. இவர்களுடைய தேவை வேறு.

இராமேசுவரப் பயணத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. பாம்பன் சாலைப் பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, டாப் பாக்ஸும் உயரமாகக் கூடுதலாகப் பொருத்தியிருந்த கண்ணாடித் தடுப்பும் சேர்ந்து காற்றைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்தை இலேசாக்கின. பாக்ஸில் நிறைய சாமான் வைத்திருந்ததும் ஒரு காரணம். பின் அச்சுக்கும் பின்னால் உள்ள எடை முன்புறத்தைத் தூக்கவே செய்யும். திரும்பி வந்தவுடன் உயரமான தடுப்பைக் கழற்றிவிட்டுக் கம்பெனி கொடுத்ததையே மாட்டினார். பாக்ஸில் இப்போது ஒரு தலைக்கவசமும் இரண்டு மழைச்சட்டைகளும் மட்டுமே. கனமான பை, தட்டையான தளத்தில் அவருடைய பாதங்களுக்கு இடையே கொக்கியில் தொங்குகிறது.